இரண்டாந்தரம்

ஏழு ஏடு.
ஐந்து நெடுக்கே, இரண்டு குறுக்கே.
அந்தக் குறுக்கு இல்லாவிட்டால்
முதல் குதிப்பிலேயே பலகை நெடுக்காய்ப் பிளந்துவிடும்.
எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை.
ஒருநாள் தூக்கக் கலக்கத்தில்
ஏழையும் ஒரே வாட்டில் அடுக்கிவிட்டேன்.
நாற்பது பலகையை ரம்பத்தில் கொடுத்து
விறகாக்கியபோது தெரிந்துகொண்டேன்.

ஹாமில்டன், பார்ட்டன் வீதி,
டயர்க் கடைக்குப் பின்பக்கம். பெயர்ப்பலகை இல்லை.
வடக்கிலிருந்து லொறியில் மேபிள் வரும்,
அப்பளத்தைவிடச் சற்றே தடித்த ஏடுகளாய்.
பெப்ரவரியில் கதவைத் திறந்துவைத்தால் சுருளும்.
ஜூலையில் உப்பும்.
உருளையில் பசை ஏற்றி, அடுக்கி,
அச்சுக்குள் தள்ளி, நெம்பை இறக்கினால்
ஓரங்களில் வெள்ளையாய்ப் பிதுங்கும்.
மூக்கு நிமிரும், வால் நிமிரும்,
நடுவில் பாதம் அமர ஒரு குழி விழும்.
பிறகு சில நாள் சும்மா கிடக்கவேண்டும்.
அவசரப்பட்டு வெட்டினால் முறுக்கிக்கொள்ளும்.

கையில் காய்ந்த பசையை
பஸ்ஸில் உரித்துக்கொண்டே போவேன்.
பக்கத்தில் இருப்பவர் தோலென்று நினைத்து
எழுந்து தள்ளிப்போய் இருப்பார்.
எனக்கு வசதி. இரண்டு இருக்கை.

வெள்ளிக்கிழமைகளில்
கழித்துவைத்த பலகை ஒன்று ஐந்து டொலர்.
ஆறு வருடமாய் நான் எடுத்ததில்லை.
நாற்பத்திமூன்று வயது,
மழை வருமுன்னே சொல்லும் ஒரு முழங்கால்.
ஆனால் சென்ற வாரம்
எங்கள் முனையில் இனி பஸ் நிற்காதென்று
தூணில் காகிதம் ஒட்டிப்போனார்கள்.
அடுத்த தரிப்பிடம் பதினேழு நிமிட நடை.

"கோமளா, உனக்கா?" என்றான் டுவார்ட்டே,
கையிலிருந்த மத்தி எண்ணெயைத் துடைத்தபடி.
எனக்குத்தான்.

மூக்கில் கண்ணை வைத்து வால்வரை பார்த்தேன்.
கல்மேசையில் கவிழ்த்தேன்: ஒன்று
ஒரு மயிரிழை ஆடியது. வேண்டாம்.
விரல்மொட்டியால் தட்டினேன்.
தேங்காய் வாங்கத் தெரிந்தவளுக்கு இதிலென்ன கஷ்டம்,
நல்லது 'டங்' என்னும்,
உள்ளே பசை பிடிக்காதது 'தொப்' என்னும்.
எட்டு அங்குலம் மெலிவு. எட்டரை எடுத்தேன்.
அகலம் கூடினால் காலடியில் சுழற்றுவது கடினமாம்.
நான் எதையும் சுழற்றப் போவதில்லை.

பச்சைச் சாயம், நல்ல குரல், ஆட்டமில்லை.
பிறகேன் கழித்தார்கள்?
வால் ஓரத்தில், மெருகுக்கு அடியில்,
ஒரு பெருவிரல் ரேகை.
டுவார்ட்டே தன் விரலை வைத்துப் பார்த்தான்,
பொருந்தவில்லை.
பொதிகட்டும் டெஸ்ஸாவும் வைத்துப் பார்த்தாள்.
நான் வைத்துப் பார்க்கவில்லை.

மணல்தாளைக் குமிழி விழாமல் ஒட்டி
ஓரத்தை டெஸ்ஸா கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்தாள்.
எட்டுத் துளை, எட்டு ஆணி.
"மென்மையான சக்கரம் போடுகிறேன்,
பார்ட்டன் வீதியின் பள்ளங்களுக்கு அதுதான்."

வாகனத் தரிப்பிடம்.
இடது கால் முன்னே. இல்லை, வலது.
இரண்டும் அந்நியமாய் இருந்தன.
நான் தினமும் கையால் தடவிய அந்தக் குழி
காலுக்கு வேறு ஏதோவாய் இருந்தது,
பிடித்தது என்று சொல்லலாம்.
ஒருமுறை உந்தினேன்.
பலகை போனது. நான் போகவில்லை.

விழுந்த இடத்திலிருந்து பார்த்தேன்:
அது தன்பாட்டில் உருண்டு
டயர்க் கடைக்குள் நுழைந்தது.
உள்ளேயிருந்து யாரோ, முகம் தெரியவில்லை,
காலால் மெல்லத் திருப்பி அனுப்பினார்.

மூன்று வாரமாகிறது.
சரிவில் இறங்கி நடக்கிறேன், கக்கத்தில் பலகை.
சமதரையில் மட்டும் ஏறுகிறேன்,
சலவைக்கடைச் சுவரிலிருந்து தபால்பெட்டி வரை.
நேற்று கடிகாரத்தைப் பார்த்தேன்.
பதினேழு நிமிடம்
பதினாறரை ஆகியிருக்கிறது.